பீச் மரங்களின் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்றதும் எல்லோருக்கும் கிராண்ட் கேன்யன்தான் நினைவுக்கு வரும். அதே மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சின்லி என்ற சிற்றூரை ஒட்டி, இன்னொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அளவில் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் கதை என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். பெயர் கான்யன் டி ஷே. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து "செல்லி" என்று வாசித்தால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நவஹோ மக்களின் மொழியில் இது "ட்சேயி", அதாவது பாறைக்குள்ளே. அதை ஸ்பானியர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதிவைக்க, பிறகு வந்தவர்கள் வேறு விதமாக உச்சரிக்க, கடைசியில் இப்படி ஆகிவிட்டது. (நம் ஊர் தூத்துக்குடி "டூட்டிகொரின்" ஆன கதைதான்!)

சூஸ்கா மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் சிவப்பு மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு இது. சின்லி பக்கம் உள்ள வாயிலில் பாறைச் சுவர் வெறும் 30 அடிதான். உள்ளே போகப் போக உயர்ந்துகொண்டே வந்து 1000 அடியைத் தொடுகிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே பாலைவனம் இருந்தது. அதன் மணல் மேடுகள்தான் இறுகி இந்தப் பாறையாக மாறின. சுவர்களில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், அந்தக் காலத்துக் காற்று மணலைக் குவித்த தடங்கள்.

மேலிருந்து கீழே இறங்க ஒயிட் ஹவுஸ் பாதை என்று ஒன்று உண்டு. போக வர இரண்டரை மைல், இறக்கம் சுமார் 600 அடி. பாறையைக் குடைந்த சிறு சுரங்கம், பிறகு வளைந்து வளைந்து செல்லும் சரிவு, அடியில் இலவ மரத்தைப் போலப் பஞ்சு பறக்கவிடும் காட்டன்வுட் மரங்கள், ஆழமில்லாத ஆறு. ஆற்று மணலை மட்டும் நம்பக்கூடாது, புதைமணல் உண்டு. ஆற்றைத் தாண்டி நிமிர்ந்தால் எதிர்ச் சுவரின் நடுவே ஒரு குகை, குகைக்குள் ஒரு வீடு! நடு அறையின் சுவரில் வெள்ளைச் சாந்து பூசியிருந்ததால் அதற்கு "வெள்ளை வீடு" என்று பெயர். கி.பி. 1060 வாக்கில் கட்டத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் சுமார் 80 அறைகள் இருந்தனவாம். தரையில் எழுப்பிய கட்டடம் அடுக்கடுக்காக உயர்ந்து, அதன் கூரைமேல் ஏறித்தான் குகை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கீழ்க் கட்டடம் இடிந்துபோனதால் மேல் வீடு இன்று அந்தரத்தில் தொங்குவது போலத் தெரிகிறது. 1873இல் டிமோதி ஓ'சல்லிவன் என்பவர் எடுத்த புகைப்படம்தான் இந்த வீட்டை உலகத்துக்குக் காட்டியது.

கட்டியவர்கள் புவெப்லோ மக்களின் முன்னோர்கள். மக்காச்சோளமும் பீன்ஸும் பரங்கியும் பயிரிட்டார்கள். பாறையில் கை கால் வைக்க மட்டும் குழி வெட்டி, அதைப் பிடித்தே ஏறி இறங்கினார்கள். 1300க்குள் இடத்தைக் காலி செய்துவிட்டார்கள். 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி என்று மரங்களின் வளையங்கள் சொல்கின்றன. அது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். அவர்கள் "மாயமாய் மறைந்துவிட்டார்கள்" என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவது சுத்த அபத்தம். அவர்களின் வாரிசுகளான ஹோபி மக்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

சரி, பழைய வீட்டைப் பார்த்தாயிற்று, திரும்பிவிடலாமா? பெரும்பாலான பயணக் கட்டுரைகள் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான கதை இதற்குப் பிறகுதான்.

சுமார் 1700 முதல் இங்கே வாழ்பவர்கள் நவஹோ மக்கள். ஆடு மேய்த்தார்கள், கம்பளி நெய்தார்கள். நெசவைக் கற்றுக்கொடுத்தது சிலந்திப் பாட்டி என்பது அவர்கள் நம்பிக்கை. உள்ளே 750 அடிக்கு மேல் ஒற்றையாய் நிற்கும் சிலந்திப் பாறையின் உச்சிதான் அவள் வீடு. சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவாளாம், உச்சியில் வெள்ளையாகத் தெரிவது அந்தப் பிள்ளைகளின் எலும்பாம். பூச்சாண்டி இல்லாத ஊர் உண்டா என்ன!

ஜனவரி 1805இல் அன்டோனியோ நர்போனாவின் தலைமையில் ஸ்பானியப் படை வந்தது. மக்கள் உயரத்தில் இருந்த ஒரு பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டார்கள். படை கீழே கடந்து போய்க்கொண்டிருந்தபோது, முன்பு ஸ்பானியரிடம் அடிமையாக இருந்த ஒரு கிழவி ஆத்திரம் தாங்காமல் மேலிருந்து திட்டிவிட்டாள் என்று சொல்கிறார்கள். படை மேட்டின் மேலிருந்து சுட்டது. 115 பேரைக் கொன்றதாகவும், அதில் 90 பேர் போர்வீரர்கள் என்றும் நர்போனா அறிக்கை அனுப்பினார். நவஹோக்கள் சொல்வது வேறு. ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள், செத்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் என்கிறார்கள். குண்டுகள் தெறித்த தடம் குகைச் சுவரில் இன்னும் இருக்கிறது.

அடுத்து வந்தது அமெரிக்க ராணுவம். நவஹோக்களை மொத்தமாக வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவது என்று ஜெனரல் கார்ல்டன் முடிவு செய்தார். அதை நிறைவேற்றியவர் கிட் கார்சன். பெரிய யுத்தம் எதுவும் நடக்கவில்லை. சோளக் கொல்லையை எரிப்பது, ஆடுகளைப் பிடிப்பது, கிணற்றைக் கெடுப்பது, அவ்வளவுதான். ஜனவரி 1864இல், கொட்டும் பனியில், படை பள்ளத்தாக்கின் உள்ளே ஊடுருவியது. சுமார் 300 பேர் கோட்டைப் பாறை என்ற செங்குத்தான குன்றின்மேல் ஏறிக்கொண்டார்கள். மேலே தண்ணீர் தீர்ந்துவிட்டது. கீழே ஓடையருகே ராணுவம் முகாமிட்டிருக்கிறது. நிலா வெளிச்சத்தில் ஒருவர் கீழ் ஒருவராகப் பாறையில் தொற்றி நின்று, தூங்கும் காவலாளிகளின் பக்கத்திலேயே சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

அந்தக் கோடையில் நடந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. பள்ளத்தாக்கின் அடியில் பீச் பழத் தோட்டங்கள் இருந்தன. ஸ்பானியர்கள் கொண்டுவந்த மரம், புவெப்லோ மக்கள் வழியாக நவஹோக்களிடம் வந்தது. பழத்தைப் பிளந்து பாறைமேல் காயவைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள், அக்கம்பக்கத்தாரோடு பண்டமாற்றும் செய்வார்கள். சாப்பாடும் அதுதான், சேமிப்பும் அதுதான். கேப்டன் ஜான் தாம்ப்சன் ஆகஸ்ட் 1864இல் வந்து அந்த மரங்களை வெட்டினார். இன்று இந்தத் தோட்டத்தில் இத்தனை நூறு, நாளை அந்தத் தோட்டத்தில் இத்தனை நூறு என்று சரக்கு இருப்பு எடுப்பது போல எண்ணி எண்ணி எழுதிவைத்திருக்கிறார்கள். மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல். எரித்த சோளத்தை அடுத்த வருஷம் விதைத்துவிடலாம். வளர்ந்து காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை வெட்டினால் பல வருஷத்து முதல் ஒரே நாளில் போய்விடும். வெட்டியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

பசியில் சரணடைந்தவர்களை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். 500 கிலோமீட்டருக்கும் மேல், கால்நடையாக. "நீண்ட நடை" என்று இன்றும் சொல்கிறார்கள். முகாமில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது, விதைத்ததைப் புழு தின்றது, நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

1868இல் ஜெனரல் ஷெர்மன் பேச்சுவார்த்தைக்கு வந்தார். ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிடலாம் என்ற எண்ணமும் அரசுக்கு இருந்தது. நவஹோக்கள் சார்பில் பேசியவர் பார்போன்சிட்டோ, இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அவர் பேசியதை ஒருவர் ஸ்பானிய மொழியில் சொல்ல, இன்னொருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொந்த மண்ணைத் தவிர வேறு எங்கும் போகமாட்டோம் என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை. ஜூன் 1, 1868இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் இரண்டாம் பிரிவு எல்லைகளைச் சொல்லும்போது, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளே அடங்க வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டே எழுதியிருக்கிறது! இரண்டே வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். ஊர்வலம் பத்து மைல் நீளமாம்.

திரும்பி வந்தவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, பீச் மரங்களை மறுபடி வளர்த்தது. 1931இல் அரசு இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது. ஆனால் நிலம் நவஹோக்களுடையதே. பூங்கா நிர்வாகம் அவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறது. சுமார் 40 குடும்பங்களுக்கு உள்ளே நிலம் உண்டு. கோடையில் இறங்கிவந்து சோளம் விதைக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். நவஹோ வழிகாட்டி இல்லாமல் வெளியாட்கள் உள்ளே நுழையக்கூடாது. அந்த விதிக்கு ஒரே விலக்காக இருந்த ஒயிட் ஹவுஸ் பாதையையும் 2020இல் மூடினார்கள், பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டித் திறக்காமலே வைத்தார்கள். மேலே விளிம்பையொட்டிச் செல்லும் சாலையில் நின்று கீழே பார்க்கத் தடையில்லை. உழுத வயலும், எட்டுப் பட்டை மர வீடுகளும், ஆடுகளும் கண்ணில் படும். அந்த வீடுகளில் இருப்பவர்களைப் படம் எடுக்க மட்டும் அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும்.