அஸ்-ஸூஃபி கண்ட முகிற்கறை

மார்கழித் திங்களில், இஷாத் தொழுகை முடிந்த வேளையில், தளவாய்புரம் போன்ற ஊர்களின் வயற்புறத்தில் தெருவிளக்கொளி எட்டாத இடத்தில் நின்று வடவானை நோக்குவோர்க்கு, பாதி வானுக்கு மேலே மங்கலான கறை ஒன்று புலப்படும். அதனைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதற் பதிவு அரபு மொழியில் உள்ளது. ஹிஜ்ரி 353இல், அதாவது 964ஆம் ஆண்டளவில், அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி தம் விண்மீன் நூலில் அதனை ‘லத்கா ஸஹாபிய்யா’, அதாவது முகிற்கறை, என்று குறித்தார்.

நம் மீலாது மேடைகளில் சிலர் இதனை எடுத்துரைத்து, “அண்டங்களை ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம்மவர் கண்டறிந்துவிட்டனர்” என்று முழங்குவதுண்டு. இது அப்பெருமகனாருக்குச் செய்யும் அநீதி. அண்டம் என்று அவர் சொல்லவே இல்லை. கறையைக் கண்டார், கறை என்றே எழுதினார். தாலமியின் பட்டியலை அப்படியே பெயர்த்தெழுதாமல், ஒவ்வொரு மீனின் ஒளியையும் தம் கண்ணால் சரிபார்த்துத் திருத்தியதே அவர் பெருமை. ஹதீஸ் கலையில் ரிவாயத் வேறு, திராயத் வேறு என்று ஓதியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவர் நேர்மையான ராவி.

அதே கறையை முதன்முதலில் தெளிவாக நிழற்படமெடுத்தவர் அரசு வானாய்வாளர் அல்லர். ஐசக் ராபர்ட்ஸ் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர். லிவர்பூல் அருகே தம் வீட்டில் 20 அங்குலத் தொலைநோக்கி நிறுவி, 1888 டிசம்பர் 29இல் நான்கு மணி நேரம் தகட்டைத் திறந்து வைத்தார். கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை, தகடு சேர்க்கும். ஆனால் பூமி சுழல்வதால், அத்தனை நேரமும் தொலைநோக்கியும் வானத்தோடு திரும்ப வேண்டும். அது திரும்பும் அச்சு, அரபியர் ஜுதை என அழைத்த துருவ மீனை நோக்கி இருத்தல் வேண்டும். லிவர்பூலில் அவ்வச்சு 53 பாகை நிமிர்ந்து நிற்கும். நம் பகுதியிலோ ஒன்பதரைப் பாகையில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும்.

ராபர்ட்ஸின் தகட்டில் சுருள் வடிவம் தெரிந்தது. புதியதொரு சூரியக் குடும்பம் உருவாகிறது என்று அவர் கருதினார். கருத்து பிழை, படம் பிழையன்று. 1923இல் ஹபிள் மற்றொரு தகட்டில் ஒளி மாறும் மீனொன்றைக் கண்டு, அது நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி அண்டமென நிறுவினார். ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவு என்பது இன்றைய கணக்கு.

மேடைகளில் பெயர் கூடச் சொல்லப்படாத நம்மவர் ஒருவர் உண்டு. ஹைதராபாத் பிரபு நவாப் ஜஃபர் ஜங், ராபர்ட்ஸுக்குக் கருவி செய்த டப்ளின் கிரப் நிறுவனத்தாரின் 15 அங்குலத் தொலைநோக்கியை வாங்கி, 1901இல் பிஸல்பண்டாவில் தம் சொந்த நிலத்திலேயே வானாய்வகம் தொடங்கினார். நிஜாமின் பெயரால் அதற்கு நிஜாமிய்யா என்று பெயரிட்டார். 1907இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அரசு அதனை ஏற்றது. பின்னர் பேகம்பேட்டைக்கு மாற்றியது. பாரிசில் 1887இல் வகுத்த அனைத்துலக வான்படத் திட்டத்தில் தெற்கே 17 முதல் 23 பாகை வரையான பகுதி ஹைதராபாத்தின் பொறுப்பாயிற்று. 1914 முதல் 8 அங்குல நிழற்படத் தொலைநோக்கியால் இரவுதோறும் தகடெடுத்து, பகலில் ஒவ்வொரு புள்ளியாக அளந்தனர். அளந்தோர் பெயர் யாருக்குத் தெரியும்? இலட்சக்கணக்கான மீன்களின் இடங்கள் 12 தொகுதிகளாக வெளிவந்தன. பாஸ்கரனுக்குப் பின் 1944இல் இயக்குநரானவர் அக்பர் அலி. காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவின் தந்தையாரும் இங்குப் பணியாற்றியவரே.

இன்று கொல்லைப்புறத்தில் சிறு தொலைநோக்கியோடு மின்னணுக் கருவியைப் பொருத்தி, நூற்றுக்கணக்கான குறும்படங்களைக் கணினியில் அடுக்கி, ராபர்ட்ஸின் படத்தினும் தெளிவாக எடுக்கும் இளைஞர் உளர்.

ஹைதராபாத்துக்குப் பின்னர் வடவானிலும் ஒரு பகுதி கிடைத்தது: 36 முதல் 39 பாகை வரை. அஸ்-ஸூஃபியின் முகிற்கறை 41ஆம் பாகையில் இருக்கிறது.