சேற்றைக் கொட்டாதீர்கள்! - கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாக்களின் வரலாறு

ஒரு நகரத்துக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குளித்து, துவைத்து, கழுவி விட்ட அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. குழாய்க்குள் போய்விட்டால் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரை மறுபடியும் ஆற்றில் விடும் அளவுக்குச் சுத்தப்படுத்துவது எப்படி என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. கடைசியில் விடை கிடைத்தது, எல்லோரும் வேண்டாம் என்று தூக்கிப்போட்டுக் கொண்டிருந்த சேற்றில்!

நாற்றத்தில் தொடங்கிய கதை

1858-ம் ஆண்டு கோடையில் லண்டன் நகரம் நாறியது. தேம்ஸ் நதி ஒரு திறந்த சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. நதிக்கரையில் இருந்த பாராளுமன்றத்தில் உட்கார முடியாமல், ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். சரித்திரத்தில் அதற்கு 'பெரு நாற்றம்' என்றே பெயர். அதுவரை காசு இல்லை என்று இழுத்தடித்த உறுப்பினர்கள், நாற்றம் தங்கள் மூக்குக்கே வந்ததும் சில வாரங்களில் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் மாபெரும் பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். லண்டனில் காலரா ஒழிய அந்தச் சாக்கடைகள் பெரிதும் உதவின.

ஆனால் பேசல்ஜெட் கழிவைச் சுத்தம் செய்யவில்லை, இடம் மாற்றினார். நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் அப்படியே நதியில் விட்டார்கள். 1878 செப்டம்பர் 3-ம் தேதி 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு, அந்தக் கழிவு கலக்கும் இடத்துக்கு அருகே இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் விழுந்தது தண்ணீரிலா, சாக்கடையிலா என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பிறகுதான் கழிவில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு, படிந்த சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் வேலை தொடங்கியது. சேறு என்றால் தொல்லை, எவ்வளவு சீக்கிரம் தொலைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அன்றைய எண்ணம் இதுதான்.

மயங்கி விழுந்த மணல்

இதற்கிடையே பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1877-ல் ஓர் அழகான பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, அதன் வழியாகக் கழிவுநீரை மெதுவாக வடியவிட்டார்கள். முதல் 20 நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு கழிவில் இருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது.

இது வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். ஏன் 20 நாள் தாமதம்? சந்தேகத்தைத் தீர்க்கக் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. குளோரோஃபார்மை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. கொஞ்சம் தோட்டத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். சில நாட்களில் மறுபடியும் நைட்ரேட் வந்தது. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிருள்ள பொருள்தானே! கழிவைச் சுத்தம் செய்வது மணல் அல்ல, மணலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் என்பது நிரூபணமானது.

லண்டனில் வேலை பார்த்த வில்லியம் டிப்டின் என்ற வேதியியலாளர் 1887-லேயே ஒரு யோசனை சொன்னார். சேற்றைப் பிரித்துவிட்டு, தகுந்த நுண்ணுயிர்களைத் தனியாக வளர்த்துக் கழிவுநீரில் விட்டு, போதுமான நேரம் காற்றோட்டம் கொடுத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்பது அவர் வாதம். கிருமி என்றாலே கொல்ல வேண்டியது என்று நினைத்த காலத்தில், கிருமியை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னவர் அவர். யோசனை சரி. ஆனால் அந்த நுண்ணுயிர்களை எங்கே போய் வாங்குவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இடம் எங்கே?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் 1887-ல் ஒரு பரிசோதனை நிலையம் தொடங்கப்பட்டது. மணல் படுகையில் கழிவை விட்டு விட்டுப் பாய்ச்சினால் எப்படிச் சுத்தமாகிறது என்று அங்கே அளந்தார்கள். இங்கிலாந்தில் கருங்கல் ஜல்லி, கரித்துண்டு ஆகியவற்றைக் குவித்து அவற்றின் மேல் கழிவைத் தெளிக்கும் படுகைகள் 1890-களில் வந்தன. ஜல்லியின் மேல் வழவழப்பான பாசி போல நுண்ணுயிர்கள் படிந்து வளரும். கழிவு வழிந்து போகும்போது அவை சாப்பிட்டுவிடும்.

இவை நன்றாகவே வேலை செய்தன. குறை ஒன்றுதான், நிலம். பெரிய தொழில் நகரங்களுக்கு ஏக்கர் கணக்கில் படுகைகள் தேவைப்பட்டன. அதே நேரத்தில் அரசாங்கத்தின் கெடுபிடியும் கூடியது. 1898-ல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் ராயல் கமிஷன் 1912-ல் ஓர் அளவுகோலை வைத்தது. வெளியேறும் நீரில் ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் பொருட்கள் இருக்கக்கூடாது. அதில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் 5 நாட்களில் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. (ஏன் 5 நாள்? பிரிட்டனின் நதிகள் 5 நாட்களுக்குள் கடலைச் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு கவலை இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்!) இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் அளவு இதன் வாரிசுதான்.

மான்செஸ்டரில் ஒரு பாட்டில்

மான்செஸ்டர் பருத்தி ஆலைகளின் நகரம். அதன் கழிவு டேவிஹியூம் என்ற இடத்தில் 1894 முதல் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. நகராட்சியின் ஆலோசகராக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1912-ல் அமெரிக்கா போனபோது லாரன்ஸ் நிலையத்தைப் பார்த்தார். அங்கே பாட்டிலில் கழிவுநீரை வைத்துக் காற்றை ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த யோசனையோடு ஊர் திரும்பினார். டேவிஹியூமில் வேலை பார்த்த எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரும் அதைக் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். கண்ணாடிப் பாட்டிலில் கழிவுநீரை ஊற்றினார்கள். வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்காமல் இருக்கக் காகிதத்தைச் சுற்றினார்கள். காற்றை ஊதினார்கள். அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறச் சுமார் 5 வாரங்கள் ஆயின. ஒரு நகரத்தின் கழிவை 5 வாரம் தேக்கி வைத்துக் காற்று ஊத யாரால் முடியும்? அந்த இடத்தில் விட்டிருந்தால் பரிசோதனை தோல்விதான்.

ஆனால் அவர்கள் பாட்டிலைக் கழுவவில்லை. தெளிந்த நீரை மட்டும் மேலாக வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றிக் காற்றை ஊதினார்கள். இந்த முறை நேரம் குறைந்தது. மறுபடியும் தெளிந்த நீரை வடித்தார்கள், சேற்றை வைத்துக்கொண்டார்கள். மறுபடியும் குறைந்தது. இப்படியே தொடர்ந்ததில் 5 வாரம் எடுத்த வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது!

1914 ஏப்ரல் 3-ம் தேதி மான்செஸ்டரில் நடந்த வேதியியல் தொழில் சங்கக் கூட்டத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார்கள். அந்தச் சேற்றுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'கிளர்வுற்ற சேறு' எனலாம்.

முதலும் வட்டியும்

அந்தச் சேற்றில் என்ன இருந்தது? கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். கழிவைத் தின்று பெருகும்போது இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஞ்சு போன்ற திரள்களாகின்றன. காற்றை நிறுத்தினால் திரள்கள் கீழே படிந்துவிடும், நீர் தெளிந்துவிடும். ஒட்டாமல் தனியாக நீந்தும் பாக்டீரியாக்களை வோர்ட்டிசெல்லா போன்ற ஒருசெல் உயிரிகள் பிடித்துத் தின்றுவிடும்.

அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மட்டும் மிக மெதுவாகப் பெருகுபவை. தண்ணீரோடு அவற்றையும் வெளியே விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் முதல் பாட்டிலுக்கு 5 வாரம் ஆனது. வியாபாரத்தில் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்வார்களே, அதே கதைதான். தண்ணீர் சில மணி நேரத்தில் தொட்டியை விட்டுப் போய்விடும். சேறு பல நாட்கள் உள்ளேயே சுற்றிவரும். டிப்டின் தேடிய 'தனியாக வளர்த்த நுண்ணுயிர்' கடையில் கிடைக்கவில்லை. அவர் பிரித்து எறியச் சொன்ன சேற்றுக்குள்தான் இருந்தது.

பாக்டீரியா யாருக்குச் சொந்தம்?

நல்ல கண்டுபிடிப்பு என்றால் பின்னாலேயே வழக்கும் வரும். ஆர்டெர்னும் லாக்கெட்டும் ஊருக்கே தெரியும்படி கட்டுரையாகப் படித்தார்கள். ஆனால் ஜோன்ஸ் அண்ட் அட்வுட் என்ற இயந்திரக் கம்பெனி 1913-லேயே இதையொட்டிய காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் மான்செஸ்டர் செய்தி கேட்டதுமே பரிசோதனைகளைத் தொடங்கி, 1925-ல் பெரிய அளவிலான நிலையத்தை இயக்கத் தொடங்கியது. மிஞ்சிய சேற்றை உலர்த்தி 1926 முதல் 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் உரமாக விற்றது. கழிவிலிருந்து வருமானம்! அந்த உரம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் காப்புரிமையைக் கையில் வைத்திருந்த நிறுவனம் நகரத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. காப்புரிமை செல்லும் என்றே 1934-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் நிலையத்தை மூட வேண்டும் அல்லவா? அங்கேதான் நீதிபதிகள் நிறுத்தினார்கள். நிலையத்தை மூடினால் நகரத்தின் கழிவு முழுவதும் மிச்சிகன் ஏரியில்தான் கலக்கும், மக்கள் உயிருக்கு ஆபத்து என்று கூறித் தடையுத்தரவை நீக்கினார்கள். உரிமையாளருக்குப் பணம் கொடுக்கலாம், ஆனால் ஊரைச் சாக்கடையில் தள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

பணம் கட்ட அஞ்சிய பல அமெரிக்க நகரங்கள் இந்த முறையைப் பின்பற்றத் தயங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் சுத்தம் செய்யாத கழிவு எத்தனை ஆறுகளில் போயிருக்கும்!

நம் பக்கம்

ஃபௌலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, உயிர்வேதியியல் துறையைத் தொடக்கத்தில் வழிநடத்தினார். மான்செஸ்டர் பாட்டிலுக்குக் காரணமான மனிதர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார்! சென்னையின் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது இதே கிளர்வுற்ற சேற்று முறைதான். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சுத்திகரித்த நீரை 2019 முதல் மேலும் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள்.

குறையே இல்லாத முறை அல்ல இது. காற்றை ஊத மின்சாரம் வேண்டும். ஒரு நிலையத்தின் மின்செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுவதுண்டு. மின்சாரம் நின்றால் பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறும். நிலையம் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம், அதைத் தினமும் ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை என்பதும் பல ஊர்களின் அனுபவம்.

இந்தச் செலவைக் குறைக்க ஒரு வழி நெதர்லாந்தில் கிடைத்தது. 1990-களில் அங்கே ஒரு தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில், ஆக்ஸிஜன் இல்லாமலேயே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் 'அனமாக்ஸ்' பாக்டீரியாக்களைக் கண்டார்கள். இவை இரண்டாகப் பெருகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 2002-ல் ராட்டர்டாமில் தொடங்கிய முதல் பெரிய தொட்டி முழு வேகம் எடுக்க 3 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியின் சேற்றை எடுத்து அடுத்த தொட்டிகளுக்கு உறை ஊற்றுவது போல ஊற்றினார்கள். அவை வெகு சீக்கிரம் வேலையைத் தொடங்கின.

90 ஆண்டுகள் கழித்தும் பாடம் அதேதான். தண்ணீரை அனுப்பிவிடலாம். சேற்றை மட்டும் கொட்டிவிடக் கூடாது.