மாட்டுச் சந்தைக்கு வந்த உடை

எதையாவது 'பாரம்பரியம்' என்று சொன்னால் எந்த வருஷத்திலிருந்து என்று கேட்பது என் வழக்கம். ஸ்பெயினின் தெற்கே, செவில் நகரத்தின் ஏப்ரல் திருவிழாவிடம் அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது: 1847.

அதற்கு முந்தைய ஆண்டு, வருஷா வருஷம் ஒரு கால்நடைச் சந்தை கூட்டலாம் என்று நகர மன்றத்தில் இருவர் யோசனை சொன்னார்கள். ஹோசே மரியா இபாரா பாஸ்க்காரர். நார்சிசோ போனாப்லாட்டா கத்தலான். இன்று செவிலின் அடையாளமாக நிற்பதைத் தொடங்கிவைத்த ரெண்டு பேருமே வெளியூர்க்காரர்கள்! அரசி இரண்டாம் இசபெல் அனுமதி கொடுக்க, ஏப்ரல் 18 அன்று 19 கூடாரங்களோடு சந்தை தொடங்கியது. காலப்போக்கில் மாடுகள் போய்விட்டன. ஆட்டமும் பாட்டும் தங்கிவிட்டன.

அங்கே பெண்கள் அணியும், அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த உடையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது மாட்டு வியாபாரிகளோடு சந்தைக்கு வந்த ஏழைப் பெண்களின் பருத்தி உடை. அவர்களில் பலர் ஹிதானோக்கள், அதாவது ஸ்பெயினின் ஜிப்சிகள். பணக்கார வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டார்கள். 1929-இல் செவிலில் நடந்த ஐபீரிய அமெரிக்கக் கண்காட்சிக்குப் பிறகு அதுவே திருவிழாவின் முறையான உடையானது. 'ஹிதானா உடை' என்ற பெயர் இன்றும் உண்டு.

இந்த இடத்தில்தான் எனக்கு 1749 நினைவுக்கு வருகிறது. அரசர் ஆறாம் ஃபெர்னாண்டோ காலத்தில், அமைச்சர் என்செனாதாவின் திட்டப்படி, நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஹிதானோக்களைப் பிடித்து அடைத்தார்கள். ஆண்கள் ஓரிடம், பெண்கள் வேறிடம். சந்ததியே இல்லாமல் போகட்டும் என்பதுதான் கணக்கு. மிச்சமிருந்தவர்களை விடுவிக்க 1760கள் வரை ஆனது. அதற்குப் பிறகு நூறு வருஷம்கூட ஆகாத நிலையில்தான் சந்தை தொடங்கியிருக்கிறது.

1973-இல் திருவிழா லோஸ் ரெமேதியோஸ் பகுதிக்கு மாறியது. முதல் இரவு பொரித்த மீன் விருந்து. நள்ளிரவில் அலங்கார வாயிலின் விளக்குகள் மொத்தமாக எரியும். ஒயினில் எலுமிச்சை சோடா கலந்து குடித்துக்கொண்டு விடிய விடிய ஆடுவார்கள். கூடாரங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தம். தெரிந்தவர் கூப்பிடாமல் உள்ளே போக முடியாது. வாசலில் காவலாள் நிற்பார்.

வெளியாட்கள் கூட்டிய சந்தை அது. ஹிதானாவின் உடைக்கு அந்த வாசலில் எந்தத் தடையும் இல்லை. ஹிதானா வந்தால், அவளை யார் அழைத்தது என்று கேட்பார்கள்.