கடைசி யாஹியின் ஐந்து அம்புகள்

இன்னைக்கு எபிசோடை ஒரு கடைக்குள்ள ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் வில் வேட்டைக்கான சாமான் விற்கிற கடை. முதல் தடவையா வேட்டை வில் வாங்க வந்த ஒருத்தர் அநேகமா என்ன செய்வார்? கையில் இருக்கிற காசில் முக்கால்வாசியை வில்லில் போட்டுவிடுவார். மிச்சம் இருக்கிறதுக்கு ஏதோ ஒரு டஜன் அம்பு. பைக்குக்கு லட்சக்கணக்கில் கொட்டிட்டு, டயரை மட்டும் பழைய இரும்புக் கடையில் எடுக்கிற மாதிரி.

கடைக்காரர் தொழில் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே நிறுத்துவார். “கை ரெண்டையும் விரிங்க” என்று விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதை இரண்டரையால் வகுப்பார். நாணை எவ்வளவு தூரம் இழுக்கணும் என்பதற்கு அது ஒரு தோராயக் கணக்கு. அப்புறம் வில்லின் இழுவிசை எத்தனை பவுண்டு, அம்பு எவ்வளவு நீளம், முனை எவ்வளவு எடை என்று கேட்பார். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்பையே அலமாரியிலிருந்து எடுப்பார்.

(நம்ம ஊர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே வில் வாங்கினால் குறிப்பலகையோடு சரி.)

அந்தக் கடைக்காரரின் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கு. அவரைப் பற்றித்தான் இந்த எபிசோட்.

வட கலிஃபோர்னியாவில் மில் கிரீக், டீர் கிரீக் என்று இரண்டு ஓடைகள். அந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள் யாஹி மக்கள். தங்கம் தேடி வந்த கூட்டமும் குடியேறிகளும் நிலத்தைப் பிடித்தார்கள். 1860-களில் ஆயுதம் ஏந்திய குழுக்கள் யாஹி முகாம்களைத் தேடித் தேடிப் போய்ச் சுட்டன. தப்பித்த ஒரு கையளவு பேர் நாற்பது வருஷத்துக்கு மேல் வெளியே தெரியாமல் ஒளிந்தே வாழ்ந்தார்கள். துப்பாக்கி சத்தம் போடும், ஆளைக் காட்டிக்கொடுக்கும். வில் போடாது. அவர்களுக்குச் சோறு போட்டதே அந்த அமைதிதான்.

1908 நவம்பரில் நில அளவைக்கு வந்த ஒரு குழு அவர்கள் ஒளிந்திருந்த முகாமைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது. இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். நடக்க முடியாத ஒரு வயதான அம்மா மட்டும் போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, போர்வை, சாப்பாடு என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம் அது. வேட்டையாடிப் பிழைக்கிறவரிடமிருந்து அம்பைப் பிடுங்குவது என்றால் என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. அந்த அம்மா, கூட இருந்த ஒரு பெண், ஒரு முதியவர் எல்லோரும் போய், கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார்.

1911 ஆகஸ்ட் 29. ஓரோவில் ஊருக்கு வெளியே ஓர் இறைச்சிக் கூடத்தின் அருகே எலும்பும் தோலுமாக ஒருவர் பிடிபட்டார். செய்தி கேட்டு மானிடவியலாளர் வாட்டர்மன் போனார். வாட்டர்மனும் அவருடைய துறைத் தலைவர் குரோபரும் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் கேட்டால் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கம் இல்லை. குரோபர் ‘இஷி’ என்று வைத்தார். அவர்கள் மொழியில் ‘மனிதன்’ என்று அர்த்தம். உண்மைப் பெயர் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்று ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், கொஞ்ச நாளில் மாணவராகிவிட்டார். இஷி வில் செய்வதை, அம்பு செய்வதை உட்கார்ந்து பார்த்து, அளந்து எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கு இவ்வளவு விவரம் கிடைக்குது.

இஷியின் வில் ஜூனிப்பர் மரம். முதுகில் தசைநார் ஒட்டியிருக்கும். நீளத்தைத் தன் உடம்பாலேயே அளந்தார்: நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை. இழுவிசை சுமார் 40 பவுண்டு. இன்றைக்கும் மான் வேட்டைக்கு வில் குறைந்தது 35 அல்லது 40 பவுண்டு இருக்கணும் என்று சட்டம் வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்கள் உண்டு.

ஆனா உழைப்பு அதிகம் போனது அம்பில். விட்ச் ஹேசல் புதரிலிருந்து நேரான குச்சிகளாக வெட்டி, கட்டாகக் கட்டிக் காயவைப்பார். வளைந்ததை நெருப்புத் தணலில் காட்டிக் கையால் நிமிர்த்துவார். மூன்று இறகு. அதைக் கட்டும் தசைநாரை வாயில் போட்டு மென்று மென்று இளக்கிக்கொள்வார். முனைக்கு அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடியை மான் கொம்பால் அழுத்திச் சில்லு சில்லாகப் பெயர்ப்பார். நகரத்துக்கு வந்த பிறகு சாதா பாட்டில் கண்ணாடியிலும் முனை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் கூட்டமாக வந்து அதைப் பார்த்தார்கள்.

“கல் முனையா, இரும்புதானே பெட்டர்?” என்று போப்புக்கும் தோன்றியிருக்கணும். அவர் சோதித்தே பார்த்தார். மான் தோல் போர்த்தி, உள்ளே மாட்டு ஈரல் அடைத்த ஒரு பெட்டி. இரண்டு வகை அம்பையும் விட்டார். அப்சிடியன் முனைதான் அதிக ஆழம் போனது.

இனி துணைச் சாமான்கள். இன்றைய கடையில் அதற்கென்று ஒரு சுவரே இருக்கும். இஷியிடம் நீர்நாய்த் தோலில் ஓர் அம்பறாத்தூணி இருந்தது. முயலை வரவழைக்கத் தன் விரலை உதட்டில் வைத்து முத்தமிடுவது போல ஒரு சத்தம். மானுக்கு, மடித்த இலையை உதட்டில் வைத்துக் குட்டி கத்துகிற மாதிரி ஊதுவார். வேட்டைக்கு முந்தின நாள் மீன் கிடையாது, புகையிலை கிடையாது. காலையில் ஓடையில் குளித்து வாசனைத் தழையைத் தேய்த்துக்கொள்வார், மனித வாடை போக. இன்றைக்கு அதே வேலைக்கு ஸ்ப்ரே பாட்டில் விற்கிறாங்க. புது ஆளுக்கு அந்தச் சுவரில் பாதி தேவையில்லை என்பது என் கருத்து. தூணி, முன்கைக்கு ஒரு காப்பு, விரலுக்கு ஒரு தோல் அல்லது ரிலீஸ், இது போதும்.

குறிப்பலகையில் இஷி ஒன்றும் பெரிய வில்லாளி இல்லை என்பதையும் போப் எழுதியிருக்கிறார். அவருடைய திறமையெல்லாம் மிருகத்துக்கு அருகே போவதில். தூரத்திலிருந்து சாதிப்பது அவர் வேட்டையில் கிடையாது. 1914 மே மாதம் போப், அவர் மகன், குரோபர், வாட்டர்மன் எல்லோரும் இஷியோடு டீர் கிரீக்குக்கே போய்த் தங்கினார்கள். போக அவருக்கு மனமில்லை. இறந்தவர்களின் இடம் அல்லவா.

1916 மார்ச் 25-ல் காசநோயால் இஷி இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று ஊரில் இல்லாத குரோபர் கடிதம் எழுதியிருந்தார். அது நடக்கவில்லை. பரிசோதனை செய்து, மூளையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். மிச்ச உடலைத் தகனம் செய்தபோது பக்கத்தில் ஒரு வில், ஐந்து அம்பு, ஓக் விதை மாவு, சிப்பி மணிகள், புகையிலை, கொஞ்சம் அப்சிடியன் சில்லு வைத்தார்கள். அந்த மூளையை பிறகு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனுக்கு அனுப்பியதும் அதே குரோபர்தான்.

போப் 1923-ல் வில் வேட்டை பற்றி ஒரு புத்தகம் போட்டார். இஷியின் வில்லை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலேய பாணி நீள வில், பர்ச் மர அம்பு, வான்கோழி இறகு, அகலமான எஃகு முனை என்று கலந்துகொண்டார். நண்பர் ஆர்தர் யங்கோடு சேர்ந்து கரடி வேட்டை வரைக்கும் போனார். அமெரிக்காவில் வில் வேட்டை மறுபடி பிடித்துக்கொண்டது அந்த எழுத்தால்தான்.

அந்த அலையில் வந்தவர் டக் ஈஸ்டன். 1922-ல் கலிஃபோர்னியாவில் வில்லும் மர அம்பும் செய்ய ஆரம்பித்தார். அவருக்கு ஒரே தலைவலி: ஒரு மரக்குச்சி மாதிரி இன்னொன்று இருக்காது. 1939-ல் அலுமினியக் குழாயில் அம்பு செய்தார். இரண்டே வருஷத்தில், 1941-ல், அந்த அம்பை வைத்து லேரி ஹியூஸ் தேசிய சாம்பியன் ஆனார்.

ஒரே மாதிரி இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? பழைய வில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும், நாண் நடுவை நோக்கிப் பாயும். கணக்குப்படி அம்பு வில்லில் இடித்து விலகிப் போகணும். போகல. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேக கேமராவில் படம் பிடித்தபோது தெரிந்தது: விட்ட கணத்தில் அம்பு வளைகிறது, வில்லைச் சுற்றிக்கொண்டு, மீன் நீந்துகிற மாதிரி நெளிந்து போய் நேராகிறது. ரொம்ப விறைப்பா இருந்தா ஒரு பக்கம் போகும், ரொம்ப இளக்கமா இருந்தா மறுபக்கம் போகும். அந்த விறைப்புக்குப் பெயர் ஸ்பைன். நாணில் நேர் நடுவே அம்பு உட்காரும் இன்றைய காம்பவுண்ட் வில்லிலும் இது பொருந்தணும்.

கடையில் கார்பன் அம்பு மேல் 500, 400, 340 என்று எழுதியிருப்பது அதுதான். 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனையையும் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.500 அங்குலம் வளைந்தால் அது 500. எண் குறைந்தால் விறைப்பு கூடும். புது ஆட்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம். முனை கனமானால் அம்பு இளகினது போல நடந்துகொள்ளும், நீளத்தைக் குறைத்தால் விறைக்கும். எடையிலும் ஒரு கணக்கு: காம்பவுண்ட் வில்லில் ஒரு பவுண்டு இழுவிசைக்குக் குறைந்தது 5 கிரெய்ன். 40 பவுண்டு வில்லுக்கு 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம். அதற்குக் கீழே போனால் அம்பே இல்லாமல் நாணை விட்ட மாதிரி வில்லுக்கு அடி விழும். வேட்டைக்கு இதைவிட நல்ல கனமாகவே எடுப்பார்கள்.

இஷி இதை எண்ணாக எழுதியதில்லை. எந்தக் குச்சி தன் வில்லுக்குச் சரி என்று அவர் கைக்குத் தெரியும்.

1961-ல் வில் வேட்டைக்காரர்கள் ஒரு கிளப் ஆரம்பித்து போப், யங் இருவர் பெயரையும் வைத்தார்கள். அதன் மிக உயர்ந்த விருதுக்கு இஷி விருது என்று பெயர். அது அவர் பெயரே இல்லைன்னு முன்னாடியே பார்த்தோம். 2000-ஆம் வருஷம் ஸ்மித்சோனியன் அவருடைய மூளையை ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் பழங்குடியினரிடம் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் அதைச் சாம்பலோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியே சொல்லவில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.