கரிசல் நிலப் பருத்திச் சோதனைகளும் அறிவின் இயல்பும்: கோவில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

அறிவைப் பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்குவது சைவ சித்தாந்த அளவையியல். அறிவியல் சோதனை காண்டலையும் கருதலையும் இணைக்கும் நெறியாகும். ஆயினும், ஒரு சோதனை தோற்கும்போது பொய்யானது எது என்னும் வினா எளிதில் தீர்வதில்லை. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் மானாவாரி நிலத்தின் பருத்தி வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு உரிய களமாக அமைகிறது.

தோல்வியும் அதன் பொருளும்

ஆங்கிலேய ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டமையால், கிழக்கிந்தியக் கம்பெனி 1840-இல் அமெரிக்கத் தோட்டக்காரர்களை இந்தியாவிற்கு வரவழைத்தது. சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மாவட்டங்களில் சோதனைகள் நிகழ்ந்தன. 1842 முதல் 1853 வரை தாவரவியலாளர் ராபர்ட் வைட் கோயம்புத்தூரிலிருந்து இப்பணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். எனினும் அமெரிக்கப் பருத்தி உழவரிடையே வேரூன்றவில்லை.

இதனைக் கொண்டு 'அமெரிக்கப் பருத்தி கரிசலுக்கு ஒவ்வாதது' என முடிவு கூறலாமா? எந்தக் கருதுகோளும் தனித்துச் சோதிக்கப்படுவதில்லை; துணை அனுமானங்களோடு சேர்ந்தே சோதிக்கப்படுகிறது என்பதை 1906-இல் பியர் தூயெம் விளக்கினார். கரிசலில் விதையோடு பருவம், மண், இழை பிரிக்கும் பொறி, சந்தை விலை ஆகியனவும் உடன் சோதிக்கப்பட்டன. அமெரிக்காவில் கோடைப் பயிராக வளர்ந்த செடி, இங்கே வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்க வேண்டியிருந்தது. தரமான இழைக்குக் கூடுதல் விலை உறுதியாகாத நிலையில் உழவர் அதனை ஏற்கக் காரணமும் இல்லை.

பிற்கால வரலாறு இதற்குச் சான்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தியும் அமெரிக்க இனத்தைச் (ஹிர்சூட்டம்) சார்ந்ததே. அது கிணற்றுப் பாசன நிலங்களில் பரவியது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் பின்னர் அதே இனத்திலிருந்து மானாவாரிக்கு ஏற்ற கேசி 2, கேசி 3 ஆகிய இரகங்களை உருவாக்கியது. எனவே முன்பு பொய்த்தது இனம் பற்றிய பொதுக்கூற்று அன்று. குறிப்பிட்ட விதை, பருவம், சந்தை ஆகியவற்றின் சேர்க்கையே.

உழவர் வகைப்பாடு

ஏற்றுமதி வணிகம் இவ்வட்டாரப் பருத்தியை 'டின்னிவெல்லி' என ஒரே பெயரால் சுட்டியது. உழவரோ உப்பம், கருங்கண்ணி எனப் பிரித்தறிந்திருந்தனர். தாவரவியல் இவற்றை முறையே ஹெர்பேசியம், ஆர்போரியம் என்னும் வேறு வேறு இனங்களாக வகுத்தது. 1901-இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி நிலையத்தின் தேர்வுப்பணி, உழவர் பெயரிட்ட கருங்கண்ணியையே மூலப்பொருளாகக் கொண்டது. சித்தாந்தத்தில் 'உரை' நூலுரையையே குறிக்கும். அதனை உழவர் வழக்கிற்கும் விரித்தால், இங்கு உரை காண்டலுக்கு முன்னரே வழிகாட்டியது எனலாம். இவ்வழக்கு வெறும் நம்பிக்கையன்று. தலைமுறைகளாக நிலத்தில் சோதிக்கப்பட்ட வகைப்பாடு.

அறிவின் விலை

இரு அறிவுகளுக்கும் இடையே முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. நிலையத்தில் ஒரு பாத்தி பட்டுப்போனால் அது தரவாகிறது; உழவர் புலத்தில் பட்டுப்போனால் அவ்வாண்டின் விதையும் உழைப்பும் இழப்பாகின்றன. மழைக்கு முன் உலர்நிலத்தில் விதைக்கும் முறையை இதற்கு எடுத்துக்காட்டலாம். கடந்தகால மழைப்பதிவுகளைக் கொண்டு உகந்த வாரத்தை நிலையம் கணிக்கலாம். ஆனால் அது பல ஆண்டுகளுக்குப் பொருந்தும் நிகழ்தகவு. உழவர் முன் நிற்பதோ ஒரே ஓர் ஆண்டு. முதல் மழைக்கு முளைத்த பயிர், அடுத்த மழை தாமதித்தால் வாடும். ஆகவே பரிந்துரையை ஏற்கத் தயங்கும் உழவரை அறியாமை உடையவர் எனல் பொருந்தாது. சான்றின் அளவு ஒன்றாயினும், பிழைக்குக் கொடுக்கும் விலை வேறாகும்போது ஏற்பின் அளவுகோலும் வேறாகிறது.

முடிவுரை

கரிசல் பருத்தியின் வரலாறு இரு முடிவுகளைத் தருகிறது. தோல்வியுற்ற சோதனையின் பொருள் அதன் சூழலிலிருந்து பிரிக்க இயலாதது. அறிவு ஏற்கப்படுவது சான்றை மட்டுமன்றி, பிழையின் சுமையைத் தாங்குபவர் யார் என்பதையும் பொறுத்தது. வேளாண் அறிவியல் வரலாற்றை எழுதுவோர் நிலையத்தின் பதிவேட்டோடு புலத்தின் வழக்கையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.