முதல் வெளிநாடு

பாஸ்போர்ட், விசா, பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டில்... வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் பரபரப்பு இன்று இப்படி. நூறு வருஷத்துக்கு முன்பு புதுக்கோட்டைப் பெண் ஒருவருக்கு உள்ளூர்க் காலேஜே வெளிநாடாக இருந்தது!

1886-ல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். பையன்களோடு ஒரு பெண் படிப்பதா என்று ஏக எதிர்ப்பு. அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். சென்னையோ வெள்ளைக்காரன் சீமை. ஆக, அதுவும் இன்னொரு நாடுதான்!

நிஜமான கப்பல் பயணம் 1925-ல் வந்தது. பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி லண்டனில் மேல்படிப்பு. அதற்குள் அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி; இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சீமையைப் பார்க்கிற ஆவல் மட்டுமல்ல, மனசுக்குள் ஒரு கேள்வியும் இருந்தது. தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே இதற்கு என்னதான் வைத்தியம் பண்ணுகிறார்கள்?

லண்டன் புற்றுநோய் மருத்துவமனையில் நேரிலேயே பார்த்தார். நம் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. 1954-ல் அடையாறில் அது எழுந்தது... 12 படுக்கைகளோடு. அப்போது அவருக்கு வயது 67!