நாளச் சுவரும் வெள்ளையணுவும்: சிறுநீரக அழற்சி ஆய்வின் வரலாறு

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட் 1827இல் வெளியிட்ட நூல், உடல் வீக்கத்தையும், சூடாக்கினால் உறையும் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கலந்து வருவதையும், பிணக்கூறாய்வில் தெரிந்த சிறுநீரகச் சிதைவையும் ஒரே நோயின் கூறுகளாக இணைத்தது. நோயாளியின் சிறுநீரும் இறந்தவரின் உறுப்புமே அவருக்குச் சான்றுகளாகக் கிடைத்தமையால், இரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தது மறைந்தே இருந்தது. 1842இல் வில்லியம் போமன், தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்த நாளங்கள் முடிச்சாகத் திரண்ட குளோமெருலஸ், சிறுநீர் நுண்குழலின் விரிந்த முனைக்குள் பொதிந்திருப்பதை விளக்கியபின், தேட வேண்டிய இடம் புலப்பட்டது.

எனினும், சிறுநீரகம் ஒளி ஊடுருவாத உறுப்பாதலால், அழற்சியின் இயக்கம் முதலில் தவளையிடமே கற்றறியப்பட்டது. 1867இல் ஜெர்மானிய நோய்க்கூற்றியலாளர் ஜூலியஸ் கோன்ஹைம், தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் வைத்து நோக்கியபோது, நாளங்கள் விரிவதையும், இரத்த ஓட்டம் தளர்வதையும், வெள்ளையணுக்கள் சுவரோரம் ஒதுங்கி ஒட்டிக்கொண்டு பின்னர் அதை ஊடுருவி வெளியேறுவதையும் வரிசையாகக் கண்டார். சீழின் அணுக்கள் திசுவிலேயே பிறக்கின்றன என்ற, தம் ஆசிரியர் ருடால்ஃப் விர்ச்சோவின் கருத்துக்கு மாறாக, அவை இரத்தத்திலிருந்து வருகின்றன என்பதை இக்காட்சி நிறுவியது.

இப்பாடத்தைச் சிறுநீரகத்துக்கு அப்படியே பொருத்த இயலவில்லை. பிற திசுக்களில் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் ஓட்டம் மெதுவான நுண்சிரைகள் வழியே வெளியேறுகையில், குளோமெருலஸின் இரு முனைகளிலும் நுண்தமனிகளே இருப்பதால், அங்கு அவை அழுத்தம் மிகுந்த தந்துகிகளிலேயே தங்குகின்றன. அவற்றை அங்கே இழுப்பது எது என்ற வினாவுக்கு 1930களில் ஜப்பானியரான மத்தாசோ மசுகி வழி திறந்தார். முயலின் சிறுநீரகத் திசுவுக்கு எதிராக வாத்தின் உடலில் உருவான சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள்கள் அடங்கிய இரத்தத் தெளிநீரை, முயலுக்குச் செலுத்தி அவர் நோயை உண்டாக்கினார். இவ்வகை நோயில், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களை முன்கூட்டியே குறைத்துவிட்டால் சிறுநீரில் புரதக் கசிவும் குறைகிறது என்று 1965இல் காக்ரேன், உனானுவே, டிக்சன் ஆகியோர் காட்டியதால், நாளச் சுவரைச் சிதைப்பதில் எதிர்ப்பொருளுடன் அவ்வணுக்களுக்கும் பங்குண்டு என்பது தெளிவாயிற்று.

உயிருள்ள எலியின் குளோமெருலஸை நேரடியாக நோக்கிய ஆஸ்திரேலிய ஆய்வு 2013இல் வெளிவந்தபோது, நலமான நிலையிலும் வெள்ளையணுக்கள் அங்கே வந்து சற்றுத் தங்கிச் செல்கின்றன என்பதும், அழற்சியில் அத்தங்கல் நீள்கிறது என்பதும் தெரியவந்தன. கோன்ஹைம் தவளையில் தொடங்கிய வினா, அணுக்கள் ஏன் வருகின்றன என்பதோடு நில்லாமல், வந்தவை ஏன் அகல்வதில்லை என்பதாகவும் விரிந்தது.